'கடல் தாங்கும்' என்னும் கணக்கு

இந்தியக் கடற்கரையின் நீளம் 7,500 கிலோமீட்டர் என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. வளைவுகளையும் கழிமுகங்களையும் நுணுக்கமாகச் சேர்த்து மீண்டும் அளந்தபோது அது 11,000 கிலோமீட்டரைத் தாண்டியது. எந்தக் கணக்கை ஏற்றாலும் அதில் ஓர் அடிகூடத் தில்லிக்கு உரியதில்லை. ஆயினும், கரையோர ஆலை ஒன்று கடலில் எவ்வளவு ஈயத்தை விடலாம், அனல் மின் நிலையம் எவ்வளவு சூடான நீரைத் திருப்பிக் கொட்டலாம், அலைகரையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்டடம் எழும்பலாம் என்பவையெல்லாம் தில்லி ஜோர் பாக்கில் இயங்கும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கோப்புகளில்தான் முடிவாகின்றன. அந்த முடிவுகளுக்கு அடியில், எங்கும் வெளிப்படையாக எழுதப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது: கடல் பெரிது, எதையும் கரைத்துவிடும், ஆகவே தாங்கும். வெப்பமண்டலக் கரையோரக் கடலைப் பற்றி அறிவியல் கண்டறிந்திருப்பவை இந்த அனுமானத்துக்கு ஆதரவாக இல்லை.

அனுமானம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அறிய, 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் 1993-இல் சேர்க்கப்பட்ட ஆறாவது அட்டவணையைப் புரட்டினால் போதும். தனியாக அளவு குறிக்கப்படாத ஆலைகள் தமது கழிவுநீரை எந்தத் தரத்துக்குச் சுத்திகரித்து வெளியேற்ற வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்கும்போது நுண்ணுயிர்கள் உறிஞ்சிக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவே 'உயிர்வேதி ஆக்சிஜன் தேவை' எனப்படுகிறது. இந்த எண் கூடக் கூட மீன்களுக்கு மிஞ்சும் ஆக்சிஜன் குறைகிறது. ஆற்றிலோ ஏரியிலோ விடப்படும் கழிவுநீருக்கு இது லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலோரத்தில் விடப்பட்டால் 100 வரை போகலாம். எண்ணெயும் மசகும் ஆற்றுக்கு 10 மில்லிகிராம், கடலுக்கு 20. துத்தநாகம் ஆற்றுக்கு 5, கடலுக்கு 15. ஈயத்தின் கணக்கு இவை எல்லாவற்றையும் விஞ்சுவது: ஆற்றுக்கு 0.1 மில்லிகிராம், கடலுக்கு 2 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு.

ஆற்று நீரை மனிதர் குடிக்கிறார்கள், கடல்நீரை எவரும் குடிப்பதில்லை என்பதே இந்த வேறுபாட்டுக்குச் சொல்லத்தக்க ஒரே நியாயம். மீனும் மட்டியும் அந்த நீரிலேயே மூச்சுவிடுகின்றன என்பதும், அவற்றின் உடலில் சேர்ந்த உலோகம் கடைசியில் மனிதரின் தட்டுக்கே திரும்புகிறது என்பதும் அட்டவணையை வகுத்தவர்களின் கவனத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை. கடலையே கண்டிராத தில்லிவாசிக்கும் காஜிப்பூர் மீன் சந்தை வழியாக அந்தக் கணக்கில் ஒரு பங்கு உண்டு.

வெப்பமண்டலக் கரையோரக் கடலின் இயல்பு குளிர்நாட்டுக் கடல்களின் இயல்பிலிருந்து அடிப்படையில் வேறானது. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். உறைநிலையை ஒட்டிய கடல்நீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதியைத்தான் 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் கடல்நீர் தாங்கும். அதே வெப்பம் மீன்களின் வளர்சிதை மாற்றத்தையும் நுண்ணுயிர்களின் சிதைவு வேலையையும் முடுக்கிவிடுவதால், இருப்பு குறைவாக உள்ள இடத்தில் செலவு மட்டும் கூடுகிறது. ஆகவே, வடகடலில் விடும்போது மீன்கள் தாங்கிக்கொள்ளும் அதே அளவு சாக்கடை நீர், பாக் விரிகுடாவில் விடப்பட்டால் அவற்றை மூச்சுத் திணற வைக்கக்கூடும். பாக் விரிகுடாவின் சராசரி ஆழமோ 10 மீட்டருக்கும் குறைவு. மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம்கூட இல்லாத நீர்ப்பரப்பை 'எல்லையற்ற கடல்' என்று கோப்பில் கருதுவது கற்பனை வளமே தவிர வேறில்லை.

இரண்டாவது வேறுபாடு இன்னும் நுட்பமானது. பவளப்பாறைகளும் கடற்புல் படுகைகளும் தழைப்பது ஊட்டச்சத்து மிகக் குறைந்த, தெளிந்த நீரில்தான். பவள உயிரி தன் திசுவுக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்து, அவை சூரிய ஒளியில் சமைக்கும் உணவில் பெரும்பங்கைப் பெற்று வாழ்கிறது. கடற்புல்லோ நிலத்துப் புல்லைப் போலவே வேரும் பூவும் உடைய தாவரமாகையால் ஒளியின்றி உயிர்தரிக்க முடியாது. வறண்ட நிலத்தில் பிழைக்கப் பழகிய மரத்தின் அடியில் இடைவிடாமல் நீர் தேங்கினால் வேர் அழுகுவதைப் போல, வறிய நீருக்குப் பழகிய இந்த உயிர்களுக்குச் சாக்கடையும் உர எச்சமும் கொண்டுவரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நஞ்சாகின்றன. மிதவைப் பாசிகள் பெருகி நீர் கலங்குகிறது; ஒளி அடிவரை எட்டுவதில்லை; பாசிகள் மடிந்து அழுகும்போது எஞ்சிய ஆக்சிஜனும் தீர்ந்துபோகிறது. ஊட்டமிகை என்று சூழலியல் நூல்கள் குறிப்பிடும் இந்நிகழ்வு, 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் கண்முன் நிகழ்ந்தது. மீனவர்கள் 'பூங்கோரை' என்று அழைக்கும் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகத் திரண்டு, பாறை மீன்கள் செத்துக் கரையொதுங்கின. அதற்கு ஒரு மாதம் முன்பு சென்னைக் கடற்கரையில் இரவில் நீல ஒளி வீசிய அலைகளைக் காணக் கூட்டம் திரண்டதே, அந்த ஒளிக்கும் இதே நாக்டிலூகாதான் காரணம். வேடிக்கை பார்த்தவர்களில் எத்தனை பேர் அதை ஓர் எச்சரிக்கையாகக் கண்டிருப்பார்கள்?

மூன்றாவது வெப்பம். வெப்பமண்டல உயிரிகள் தாங்கக்கூடிய வெப்பத்தின் மேல் விளிம்பிலேயே ஏற்கெனவே வாழ்கின்றன. கோடைக்கால உச்சத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி மிகுந்த வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் நுண்பாசிகளை உமிழ்ந்து வெளிறிவிடுகிறது. 21 தீவுகளைச் சுற்றி மன்னார் வளைகுடாவில் பரந்திருக்கும், மீனவர் வழக்கில் 'பார்' எனப்படும் பாறைத்திட்டுகள் 2010-இலும் 2016-இலும் இப்படி வெளிறின. உலகளாவிய நான்காவது பெருவெளிறல் நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் தேசிய கடல், வளிமண்டல நிர்வாகம் அறிவித்தது. இந்தச் சூழலில், கரையோர அனல் மின் நிலையங்கள் தாம் உறிஞ்சிய கடல்நீரைவிட 7 டிகிரி வரை சூடான நீரைத் திருப்பி விடலாம் என்றும், 1999 ஜூனுக்கு முன்பு தொடங்கப்பட்டவை 10 டிகிரி வரை போகலாம் என்றும் விதி அனுமதிக்கிறது. விடப்படும் நீர் சற்றுத் தொலைவில் கலந்து தணிந்துவிடும் என்ற விளக்கம் திறந்த கடலுக்குப் பொருந்தலாம்; கழிமுகத்துக்கும் ஆழமற்ற விரிகுடாவுக்கும் பொருந்தாது.

இவையனைத்தும் ஒரே இடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதை அறியச் சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்க்கலாம். கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் கடலின் ஓதமும் சந்திக்கும் அந்த இடத்தில், ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்த உவர்நீர் இறாலும் நண்டும் மடவையும் குஞ்சு பொரித்து வளர்வதற்கான தொட்டிலாக இருந்தது. வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழம்பை ஏற்றிச் செல்லும் குழாய்கள் பல ஆண்டுகளாக ஆற்றின் மீதே கசிந்து, அடிமட்டத்தைச் சாம்பல் படிவமாக்கின. ஆழம் குறைந்தது, ஓதம் உள்ளே ஏறுவது தளர்ந்தது, சூடான நீர் வேறு. போதாக்குறைக்குத் தென் அமெரிக்காவிலிருந்து கப்பல்களின் வழியே வந்ததாகக் கருதப்படும் ஓர் அயல்நாட்டு மட்டி ஆற்றின் அடியில் கம்பளம் விரித்ததுபோல் படர்ந்து, இறாலுக்கும் மஞ்சள் மட்டிக்கும் இடமில்லாமல் செய்துவிட்டது. அதற்கு எண்ணூர் மீனவர்கள் வைத்திருக்கும் பெயர் 'காக்கா ஆழி'.

இந்த நிலையில்தான் எண்ணெய் வந்தது, ஒருமுறைக்கு இருமுறை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டபோது கசிவே இல்லை என்ற அறிவிப்பு முதலில் வெளியானது. பின்னர் கரையெங்கும் கறுத்த குழம்பை இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. எண்ணெய்க் கசிவை எதிர்கொள்வதற்கான தேசியப் பேரிடர்த் திட்டம் 1996 முதலே நடைமுறையில் இருக்கிறது. அதை வழிநடத்தும் கடலோரக் காவல்படையின் தலைமையகமும் தில்லியில்தான் இருக்கிறது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கழிமுகத்தில் பரவியது. அது சென்னை பெட்ரோலியக் கழகத்தின் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்தது எனத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. அப்போதும் முதலில் இறங்கியவர்கள் கையில் குவளையும் வாளியும் வைத்திருந்த மீனவர்கள்தாம். அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஊரே வீட்டைவிட்டு ஓடியது.

எண்ணெய் மிதப்பது கண்ணுக்குத் தெரியும்வரைதான் செய்தி. அதன் பிறகு நடப்பது வெப்பமண்டலத்துக்கே உரியது. இலகுவான பகுதிகள் வெயிலில் விரைந்து ஆவியாகிவிட, கனமான எச்சம் அலையாத்திக் காட்டின் சேற்றுக்குள் இறங்குகிறது. சேற்றில் ஆக்சிஜன் இல்லை என்பதால் கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் மூச்சுவேர்கள் வழியாகவே சுவாசிக்கின்றன. அந்த வேர்களின் நுண்துளைகளைத் தார் அடைத்தால் மரம் நின்ற நிலையில் சாகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்களின் வேலையும் மந்தமாகிவிடுவதால், புதைந்த எண்ணெய் புதைந்தபடியே கிடந்து ஒவ்வொரு மழைக்கும் ஓதத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. 1986 ஏப்ரலில் பனாமாவின் கரீபியக் கரையில் பாஹியா லாஸ் மினாஸ் என்ற இடத்தில் நிகழ்ந்த கசிவைத் தொடர்ந்து கண்காணித்த ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனம், ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அலையாத்திச் சேற்றிலிருந்து எண்ணெய் கசிவதைப் பதிவு செய்தது. எண்ணூரில் சில வாரங்களில் 'சுத்திகரிப்பு நிறைவு' என்று அறிவிக்கப்பட்டதை இந்த ஐந்து ஆண்டுகளின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தில்லி கோப்புகளால் மட்டும் கடலைத் தொடவில்லை. தன் கழிவாலும் தொடுகிறது. வஜிராபாத் தடுப்பணைக்கும் ஓக்லா தடுப்பணைக்கும் இடையே யமுனை ஓடும் 22 கிலோமீட்டர், 1,376 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நதியில் இரண்டு விழுக்காடுகூட இல்லை. நதி சுமக்கும் மாசில் நான்கில் மூன்று பங்கு அங்கேதான் சேர்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்து சட் பூஜை நெருங்கும்போது காளிந்தி குஞ்சில் யமுனையின் மீது வெண்ணுரை மலைபோல் எழுகிறது. 2019 இறுதியில் சென்னைப் பட்டினப்பாக்கத்திலும் மெரீனாவிலும் அதே வெண்ணுரை கரையொதுங்கி, சிறுவர்கள் அதில் விளையாடினர். இரண்டு நகரங்களிலும் நுரையின் மூலப்பொருள் ஒன்றே: சுத்திகரிக்கப்படாத சாக்கடையும் அதில் கலந்த சலவைப் பொருள்களும்.

தில்லிச் சாக்கடையின் நாற்றம் வங்கக் கடல்வரை போவதில்லை என்பது உண்மைதான். எட்டாவா அருகே சம்பல் நதியின் தெளிந்த நீர் கலந்த பிறகு யமுனை ஓரளவு மீண்டுவிடுகிறது. அழுகக்கூடியவற்றில் பெரும்பகுதி வழியிலேயே அழுகித் தீர்கிறது. உலோகமும் பிளாஸ்டிக்கும் அப்படித் தீர்வதில்லை. நைட்ரஜனிலும் ஒரு பகுதி பிரயாக்ராஜில் கங்கையோடு கலந்து, சமவெளியின் உரக் கழிவையும் சேர்த்துக்கொண்டு, உலகின் மிகப் பெரிய அலையாத்திக் காடான சுந்தரவனத்தைக் கடந்து வங்கக் கடலை அடைகிறது. அங்கே காத்திருப்பது சாதாரணக் கடல் அன்று. வங்கக் கடலின் நடு ஆழத்தில் ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லாத ஒரு நீரடுக்கு பரந்து கிடக்கிறது. 'நேச்சர் ஜியோசயின்ஸ்' ஆய்விதழில் 2016 இறுதியில் வெளிவந்த ஆய்வு, அந்த அடுக்கில் எஞ்சியிருக்கும் மிகச் சொற்பமான ஆக்சிஜன்தான் அதை முழுமையான மரணப் பகுதியாக மாறவிடாமல் தடுக்கிறது என்றும், நிலத்திலிருந்து ஊட்டச்சத்து வரத்து கூடினால் அந்தத் தடை உடையக்கூடும் என்றும் எச்சரித்தது. இந்திய நகரங்கள் நாள்தோறும் 7,236 கோடி லிட்டர் கழிவுநீரை உருவாக்குவதாகவும் அதில் 2,023 கோடி லிட்டர் மட்டுமே உண்மையில் சுத்திகரிக்கப்படுவதாகவும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2021-இல் கணக்குக் காட்டியது. எஞ்சியது ஏதோ ஓர் ஆற்றின் வழியே, அல்லது நேராகவே, கடலைத் தேடித்தான் போகிறது.

கடலைக் காக்கத் தில்லி முயன்றதே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை கடற்கரையைக் கட்டடங்களின்றி வைத்திருக்க வேண்டும் என்று 1981 நவம்பரில் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார்; அதன் தொடர்ச்சியாக 1991 பிப்ரவரியில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பிறந்தது. தமிழகக் கடலோரத்தில் பெருகிய இறால் பண்ணைகளை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு 1996 டிசம்பர் 11 அன்று அளித்த தீர்ப்பு இந்தியக் கடற்கரை வரலாற்றில் ஓர் உச்சம். எஞ்சிய தீவனமும் மருந்தும் கலந்த பண்ணைக் கழிவு கழிமுகங்களைக் கெடுப்பதையும், உவர்நீர் ஊறிக் குடிநீர்க் கிணறுகளும் நெல்வயல்களும் பாழாவதையும் ஆராய்ந்த நீதிமன்றம், மண்டல எல்லைக்குள் இருந்த தீவிர இறால் பண்ணைகளை இடித்தகற்ற ஆணையிட்டது.

அந்த ஆணையின் கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், 1991 அறிவிக்கை இறால் வளர்ப்புக்குத் தடை விதிக்கவேயில்லை என்று பின்தேதியிட்டுக் கருதச் செய்தது. 2023-இல் வந்த திருத்தம் அதை மேலும் உறுதிப்படுத்தியதுடன், விதி மீறுவோருக்கான சிறைத் தண்டனையையும் நீக்கி அபராதமாக்கியது. 1991 அறிவிக்கையோ இருபதுக்கும் மேற்பட்ட முறை திருத்தப்பட்டு, 2011-இல் மாற்றி எழுதப்பட்டு, 2019 ஜனவரியில் மீண்டும் எழுதப்பட்டது. மக்கள் நெருக்கம் மிகுந்த கடலோர ஊர்களில் கட்டுமானம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. மீனவர் வீடு கட்டவே இந்தத் தளர்வு என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. நூற்றாண்டுகளாகக் கரையில் வாழ்பவர் தன் குடிசைக்குச் சுவர் எழுப்ப ஜோர் பாக்கின் அனுமதியை எதிர்பார்ப்பது அநீதிதான். ஆனால், மீனவர் வீட்டுக்கென்று தனி விதிவிலக்கு எழுதுவது கடினமான காரியமில்லை. கதவை அகலத் திறந்துவிட்டு, நுழைபவர் யாராயினும் மீனவரின் பெயரைச் சொல்லி நுழையட்டும் என்று விடுவது வேறு. 1996-இல் தில்லியே ஒப்புதல் அளித்த வரைபடத்தில் காக்கப்பட்ட எண்ணூர்க் கழிமுகத்தின் ஏறத்தாழ 6,500 ஏக்கர், பின்னாளில் புழங்கிய வரைபடத்தில் எப்படிக் காணாமல் போனது என்று மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் தகவலறியும் உரிமையில் பெற்ற ஆவணங்களோடு கேட்ட கேள்வியும் இந்த இடத்தில் நினைவுகூரத்தக்கது.

அண்டை நாடு ஒன்று வேறு வழியையும் காட்டியிருக்கிறது. 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது நூற்றுக்கணக்கான டன் பிளாஸ்டிக் குறுமணிகள் கரையொதுங்கின; 2025 ஜூலையில் இலங்கை உச்சநீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி டாலர் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்புதான் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கி, அதே வகைக் குறுமணிகள் கேரளத்தையும் கன்னியாகுமரிக் கரையையும் வந்தடைந்தன. கடலுக்கு நேர்ந்த இழப்பை எண்ணிப் பணமாக மதிப்பிட முடியும் என்பதை ஒரு சிறிய நாடு ஏற்றுக்கொண்டுவிட்டது.

இந்தியா செய்ய வேண்டியவற்றில் முதலாவது அதைவிட எளியது. கழிமுகம், விரிகுடா, பவளத்திட்டு, கடற்புல் படுகை, அலையாத்திக் காடு ஆகிய இடங்களில் விடப்படும் கழிவுநீருக்கு ஆற்றுக்கு உரிய அளவையே விதிக்க வேண்டும்; ஈயத்துக்கும் துத்தநாகத்துக்கும் கடலென்று தனிச் சலுகை கூடாது; சூடான நீரின் அளவை, ஏற்கும் நீரின் கோடை உச்சத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டமும் வேண்டாம், நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பும் வேண்டாம். ஆறாவது அட்டவணையின் எண்களைத் திருத்த, ஜோர் பாக்கிலிருந்து அரசிதழில் வெளியாகும் ஓர் அறிவிக்கை போதும்.